வெங்காயப் பாட்டின் கடைசி வரி

“சொந்த ஊர் எதுங்க?”

எந்தக் கல்லூரிக்குப் பாடப் போனாலும் மேடைக்குப் பின்னால் முதலில் இந்தக் கேள்விதான் வரும்.

“எடமலைப்பட்டி புதூர்.”

“அது இப்ப குடியிருக்கிற எடம். சொந்த ஊரு? கிராமம்?”

“அதாங்க சொந்த ஊரு.”

கேட்டவர் முகம் சுருங்கிவிடும். ஏமாற்றிவிட்டேன் என்பதுபோல ஒரு பார்வை. நாட்டுப்புறப் பாட்டுப் பாடுகிறவள் வரப்பில் நடந்து வந்திருக்க வேண்டும். நானோ திருச்சியில், மதுரை ரோட்டில் டவுன் பஸ் பிடித்து வந்தவள். அப்பா அதே டவுன் பஸ்ஸில் கண்டக்டர். நாற்று நடுவதை நான் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். அதுவும் ஓட்டுநர் வேகமாகப் போகாத நாட்களில்.

பாட்டு எனக்கு வந்தது காந்தி மார்க்கெட் பக்கத்திலிருந்த ஒரு வெங்காய மண்டியிலிருந்து. அம்மாவுக்கு அங்கே வேலை. பெரம்பலூர்ப் பக்கமிருந்து லாரியில் வந்திறங்கும் சின்ன வெங்காயத்தைத் தாள் அரிந்து, அழுகல் நீக்கி, பெரிசு சின்னதாகப் பிரித்துச் சாக்கில் போட வேண்டும். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். பள்ளிக்கூட லீவில் நானும் போய் உட்காருவேன். உட்கார்ந்தே செய்கிற வேலை, மதியத்துக்கு மேல் தூக்கம் கண்ணைச் சுற்றும். தூங்கினால் மண்டிக்காரர் கத்துவார். அதனால் பாடுவார்கள். சினிமா மெட்டில் பாதி, தாங்களே இழுத்துக்கொண்ட மெட்டில் பாதி. வார்த்தை மட்டும் முழுக்க அவர்களுடையது. மண்டிக்காரரின் தொப்பை, மகளின் காலேஜ் ஃபீஸ், லாரி டிரைவரின் மீசை, எது கிடைத்தாலும் பாட்டுக்குள் போய்விடும்.

கல்லூரியில் நான் படித்தது கம்ப்யூட்டர் சயின்ஸ். பாடுவேன் என்று வகுப்பில் ஒருவனுக்கு மட்டும் தெரியும். பாலக்கரைக்காரன், டோலக் வாசிப்பான். அவனுடைய அத்தா அத்தர் கடை வைத்திருந்தார், மகன் தாளம் போடுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் டோலக் எப்போதும் கல்லூரி கேன்டீனில், மாவு மூட்டைகளுக்குப் பின்னால் இருக்கும். இரண்டாம் வருடக் கல்லூரி விழாவில், அழைத்திருந்த நாட்டுப்புறக் குழுவின் வேன் வழியில் நின்றுபோனது. விழாப் பொறுப்பிலிருந்த சார் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். இவன் போய், “சார், இவ பாடுவா” என்று என்னைக் காட்டிவிட்டான்.

“சீஃப் கெஸ்ட் வர்ற வரைக்கும் பாடும்மா. பத்து நிமிஷம்தான்” என்றார் சார்.

சிறப்பு விருந்தினர் வர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. எனக்குத் தெரிந்தது ஐந்து பாட்டு. ஐந்தையும் பாடினேன். பிறகு முதல் பாட்டையே வேகத்தைக் கூட்டிப் பாடினேன். பிறகு இரண்டாவதை வேகத்தைக் குறைத்துப் பாடினேன். முன்வரிசையில் ஒரு ஆசிரியை என்னைப் பரிதாபமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். மூன்றாவதான வெங்காயப் பாட்டை மறுபடி எடுத்து, இரண்டாம் வரிக் கடைசியில் “வெங்” என்று வாயைத் திறந்தபோது கேட்டில் நாதஸ்வரம் கேட்டது. தொகுப்பாளினி ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினாள். “காயம்” என் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அரங்கமே எழுந்து கைதட்டியது. எனக்குத்தான் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டேன். எல்லோரும் மேடைக்குப் பக்கத்திலிருந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதோடு விட்டிருந்தால் நான் இந்நேரம் ஏதாவது கம்பெனியில் நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன். யாரோ அதை ஃபோனில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். அடுத்த வாரம் இன்னொரு கல்லூரியிலிருந்து கூப்பிட்டார்கள், அதற்கடுத்து இன்னொன்று. ஒவ்வொருவருக்கும் ஒரு யோசனை. ஒரு கல்லூரியில் கண்டாங்கிச் சேலை கட்டினால்தான் மேடை ஏறலாம் என்றார்கள். இன்னொன்றில் புத்தம் புதிய மூங்கில் கூடை ஒன்றைக் கொடுத்து, இடுப்பில் வைத்துக்கொண்டு மேடைக்குள் நடந்து வரச் சொன்னார்கள்.

வீட்டில் அம்மா கேட்டாள். “கூடையில என்னடி இருந்துச்சு?”

“ஒண்ணுமில்லம்மா.”

“ஒண்ணுமில்லாத கூடைய எதுக்குத் தூக்கணும்?”



வேறொரு இடத்தில் தமிழ் சார் ஒருவர், நிகழ்ச்சி முடிந்து இறங்கும்போது வழிமறித்தார்.

“அந்த மூணாவது பாட்டு, அது சினிமா மெட்டாச்சேம்மா?”

“ஆமாங்க சார்.”

“அப்ப அது நாட்டுப்புறப் பாட்டு இல்லையே.”

“சார், மண்டியில அந்த மெட்டுலதான் பாடுறாங்க.”

“அவங்க தப்பாப் பாடுறாங்கம்மா” என்றார்.

டோலக்காரன் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டான். “சமோசா தர்றாங்க, வா. சண்ட அப்புறம் போட்டுக்கலாம்.”

இதெல்லாம் எரிச்சல்தான். ஆனால் இவை எல்லாம் மற்றவர்கள் செய்தது. மற்றவர்கள் மேல் எரிச்சல் படுவது சுலபம், வீட்டுக்கு வந்து சாப்பிட்டால் போய்விடும். ஸ்ரீரங்கத்தில் நடந்தது அப்படிப் போகவில்லை.

ஒரு கல்லூரி தன் கலைவிழாவை ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தது. அவர்கள் அரங்கில் மராமத்து வேலையாம். விழாவுக்குப் பொறுப்பு ஒரு பேராசிரியை, கோயிலை ஒட்டிய உத்தர வீதிக்காரர். மத்தியானமே வரச்சொல்லி, தன் கையால் புளியோதரையும் தயிர்சாதமும் பரிமாறி, ஒரு ஓரமாக உட்காரவைத்து எல்லாப் பாட்டையும் கேட்டார். சொந்த ஊர் எது என்று கேட்கவே இல்லை. அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மற்ற பாட்டுக்கெல்லாம் தலையாட்டினார். வெங்காயப் பாட்டில்தான் நிறுத்தினார். அந்தப் பாட்டு மாமியாருக்கும் மருமகளுக்கும் நடக்கிற பேச்சு. மண்டியில் இப்படித்தான் பாடுவார்கள்:

கண்ணு ஏண்டி செவந்திருக்கு காலையில, மருமகளே?
காரணம் வேறில்ல அத்தை, கையெல்லாம் வெங்காயம்.
வெங்காயம் பட்ட எடத்துல வீக்கம் வந்து நிக்குமாடி?
உம்ம மவன் அடிச்ச அடிய வெங்காயந்தான் ஏத்துக்கிச்சு.

“நன்னா பாடறே கொழந்தே” என்றார் பேராசிரியை. “ஆனா அந்தக் கடைசி ரெண்டு வரி அமங்களமா இருக்கே. பெரியவாள்லாம் வந்து ஒக்காரப்போறா. சின்னதா மாத்திக்கலாமோன்னோ? ‘வீக்கம்’னு இருக்கற எடத்துல ‘வெக்கம்’னு போட்டுக்கோயேன். ஒரே ஒரு எழுத்துதான். மோனைகூடக் கெடாது பாரு.”

“கடைசி வரிங்க மேடம்?”

அவர் கண்ணை மூடி இரண்டு நொடி யோசித்தார். “‘உம்ம மவன் நெனப்பு வந்தா வெங்காயமும் இனிக்குதத்தை.’ எப்படி?”

டோலக்காரன் என்னைப் பார்த்தான். நான் இலையைப் பார்த்தேன். அவர் இன்னொரு கரண்டி தயிர்சாதம் வைத்தார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் அதட்டவில்லை, மிரட்டவில்லை. அன்பாகக் கேட்டார். அன்பாகக் கேட்பவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு அந்த வயதில் வராது. இப்போதும் அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

“சரிங்க மேடம்” என்றேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மண்டிக்கு விடுமுறை. ரங்கநாதரைச் சேவித்துவிட்டு அப்படியே என் பாட்டையும் கேட்டுவிடலாம் என்று அம்மா முதல்முறையாக வந்திருந்தாள். கோயிலில் கூட்டம் குறைவாக இருந்ததால் சீக்கிரமே வந்து நான்காம் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். வரி மாறியதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நேரம் இருந்தது.

வெங்காயப் பாட்டு வந்தது. கூட்டம் தாளம் போட்டது. “வெக்கம் வந்து நிக்குமாடி” என்று நான் பாடி முடித்த கணத்தில் நான்காம் வரிசையிலிருந்து குரல் வந்தது.

“அது அப்படி இல்லடி!”

அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் குங்குமப் பொட்டலம்.

“வீக்கம்! வீக்கம்னு பாடு!”

மண்டபம் சிரித்தது. கோபத்தோடு சொல்கிறாள் என்று யாருக்கும் தோன்றவில்லை. தொகுப்பாளன், பெரிய ஜோக் கிடைத்தவன்போல ஓடிவந்து, “ஆன்ட்டி, அக்காவுக்கு நீங்கதான் பயங்கரமான ஃபேன் போல! ஆன்ட்டிக்கு ஒரு பெரிய கைதட்டு!” என்றான். தட்டினார்கள். டோலக்காரன் வாசிப்பை நிறுத்தாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் எந்த வரியைப் பாடப் போகிறேன் என்று.

நான் இனிக்கிற வெங்காயத்தைப் பாடினேன்.

அம்மா உட்கார்ந்தாள். பேராசிரியை என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அன்றைக்குக் கிடைத்த கைதட்டல்போல அதற்கு முன் எனக்குக் கிடைத்ததில்லை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ் காவிரிப் பாலம் தாண்டியது. அம்மா கேட்டாள்.

“அந்த வரிய யாரு மாத்துனா?”

“மேடம் கேட்டாங்கம்மா. பெரியவங்கல்லாம் வந்திருக்காங்கன்னு…”

“அவங்க கேப்பாங்க. அவங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியாதா?”

“ஒரு பாட்டு தானேம்மா.”

“அத கட்டினவ பதினோரு வருஷமா என் பக்கத்துல ஒக்காந்திருக்கா. ஒவ்வொரு நாளும் முந்தானையப் போத்திக்கிட்டு வருவா. என்னடி இதுன்னு கேட்டா வெங்காயம்பா. ஒரு நாள் அதையே பாட்டா பாடிட்டா. அன்னைக்கு எங்க கையில வெங்காயம் ஓடல. நீ அவ வாயில சக்கரையப் போட்டு மூடிட்டு வந்திருக்க.”

அதை யார் கட்டியது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. பாட்டு என்றால் மண்டிக்குச் சொந்தம் என்று நினைத்திருந்தேன். அம்மா பக்கத்தில் உட்காரும் அந்த அத்தையை எனக்கு நன்றாகத் தெரியும். உறையூரிலிருந்து வருவார். சின்ன வயதில் எனக்குத் தலை பின்னிவிட்டிருக்கிறார். அந்த ‘மருமகள்’ அவர்தான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

மறுநாள் கல்லூரிக்குப் போகாமல் மண்டிக்குப் போனேன். அம்மா தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். அத்தை அரிவதை நிறுத்தாமல் கேட்டார்.

“எத்தனை பேரு இருந்தாங்க?”

“ஐநூறு பேரு இருக்கும் அத்தை.”

“இனிக்குதுன்னா பாடின?”

“ஆமா.”

“போடி கிறுக்கி. வெங்காயம் எங்கயாச்சும் இனிக்குமா?” அவர் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். சிரித்தார். அது இன்னும் மோசமாக இருந்தது. “அந்தாளு வீட்ட விட்டு நான் வந்து நாலு வருஷம் ஆச்சு. பாட்டுல மட்டும் இன்னும் அங்கயே கெடக்கேன். அதுக்கு மேல ரெண்டு வரி போட்டிருக்கேன், உங்கம்மா சொல்லலையா?”

அம்மா தலையாட்டினாள், இல்லை என்று. அத்தை குரலைத் தாழ்த்திப் பாடிக் காட்டினார்:

வெங்காயத்த மூட்டை கட்டி லாரியில ஏத்தியாச்சு,
உம்ம மவன ஏத்திவிட எந்த லாரி வருமத்தை?

வட்டத்திலிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அழுகல் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி, “பெரம்பலூர் லாரிதான் காலியாத் திரும்புது, அதுல ஏத்து” என்றாள்.

“பாடட்டுமா அத்தை, மேடையில?”

“பாடு. என் பேரச் சொல்லாத. மண்டியில ஒருத்தின்னு சொல்லு போதும்.”

அடுத்த நிகழ்ச்சி ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில். மூன்று நாள் தூங்காமல் யோசித்துத் துணிந்திருந்தேன். ஏற்பாட்டாளர்களிடம் வரியைக் காட்டவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. மேடையேறினேன். வீக்கத்தை வீக்கமாகவே பாடினேன். அடியை அடியாகவே பாடினேன். கீழே இருநூறு பையன்கள் விசிலடித்து ஆடினார்கள். “உம்ம மவன் அடிச்ச அடிய” என்ற இடத்தில் ஒருவன் சட்டையைக் கழற்றிச் சுழற்றினான். லாரி வரிக்கும் அதே ஆட்டம்.

இறங்கியதும் டோலக்காரனிடம் கத்தினேன். “என்னடா இவனுங்க? அடிய கேட்டுட்டு ஆடுறானுங்க!”

அவன் தயங்கினான். “உன் மைக் ஒர்க் ஆகல.”

“என்ன?”

“உன் வாய்ஸ் வெளிய போகவே இல்ல. டோலக் மட்டும்தான் கேட்டுச்சு. நான் கைகாட்டினேன், நீ கூட்டத்தையே பாத்துப் பாடிட்டு இருந்த.”

நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று நாள் தூக்கம் போய்ச் சேர்த்த துணிச்சல். கேட்டவன் அவன் ஒருத்தன் மட்டும். சவுண்டுக்காரரிடம் போய்க் கேட்டால், “நாட்டுப்புறப் பாட்டுக்கு பீட்டுதானேக்கா முக்கியம்” என்கிறார். அதற்குப் பிறகு மேடைக்குப் பின்னால் மாணவர் தலைவன் வந்து, “அக்கா, செம எனர்ஜி” என்று பூங்கொத்து கொடுத்தான். அதை வாங்கிக்கொண்டு நன்றி வேறு சொன்னேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் இருவரும் சண்டை போட்டோம். டோலக் இல்லாமல் பாடுகிறேன் என்றேன். அப்படியென்றால் நான் எதற்கு என்றான். கடைசியில், வீக்கமும் அடியும் வருகிற அந்த இரண்டு வரிக்கு மட்டும் அவன் கையை எடுத்துவிடுவது, லாரி வரியில் மறுபடி சேர்ந்துகொள்வது என்று முடிவானது. “அந்த எடத்துல கைய வச்சிருக்கவே எனக்குக் கூச்சமாத்தான் இருக்கு” என்றான், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. அவன் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு பெண்கள் கல்லூரியில் விழா. மைக்கை நானே மூன்று முறை சோதித்தேன். வெங்காயப் பாட்டு தொடங்கும் முன், “இது மண்டியில் வேலை பார்க்கிற ஒருத்தங்க கட்டின பாட்டு” என்று சொன்னேன். கூட்டம் வழக்கம்போலத் தாளம் போட்டது. “வெங்காயம் பட்ட எடத்துல” என்றபோது டோலக் நின்றது. தாளம் தடுமாறி, பிறகு அடங்கியது. “வீக்கம் வந்து நிக்குமாடி?” என்று தனியாகக் கேட்டேன். அரங்கில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. கடைசி வரியையும் பாடினேன். பாடிவிட்டு ஒரு மூச்சு நின்றேன்.

அப்போது பக்கவாட்டிலிருந்து அந்தக் கல்லூரியின் சவுண்டுக்காரர் குனிந்தபடி ஓடிவந்தார். டோலக் சத்தம் வரவில்லை என்றதும் லைன் போய்விட்டது என்று நினைத்துவிட்டார். வயரைப் பிடுங்கினார், சொருகினார். கீச்சென்று ஒரு ஊளை. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

“சரியாயிடுச்சும்மா, பாடுங்க” என்றார், உபகாரம் செய்தவரின் திருப்தியோடு.

எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அந்த ஆளை அடிக்கலாம் போலவும் இருந்தது. டோலக்காரன் மெதுவாகச் சொன்னான், “முதல்லேருந்து எடு.” முதலிலிருந்து எடுத்தேன். இந்த முறை யாரும் தாளம் போடவில்லை. எந்த இடத்தில் என்ன வரப்போகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, காத்திருந்து கேட்டார்கள். டோலக் நின்ற இடத்தில் ஒரு செருமல்கூட இல்லை. பிறகு டோலக் உள்ளே வந்தது. லாரி வரியைப் பாடினேன். முதலில் பின்வரிசையில் ஒரு சிரிப்பு. அப்புறம் மொத்த அரங்கும் சிரித்தது. அது மண்டி வட்டத்தில் நான் கேட்ட அதே சிரிப்பு. யாரோ ஒருத்தி, “இன்னொரு வாட்டி லாரி!” என்று கத்தினாள். மூன்று முறை லாரி விட்டேன்.

கீழே இறங்கியதும் பொறுப்பாசிரியை, “நல்லாத்தான் இருந்துச்சு, கொஞ்சம் பாசிட்டிவா முடிச்சிருக்கலாம்” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைவிடப் பாசிட்டிவாக ஒரு லாரி எங்கே கிடைக்கும்?

பத்து வருடம் ஆகிவிட்டது. இப்போது பாடுவதுதான் என் வேலை. டோலக்காரன் அத்தர் கடையைப் பார்த்துக்கொள்கிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வாசிக்க வருகிறான், டோலக் இப்போது அவன் வீட்டிலேயே இருக்கிறது. உறையூர் அத்தையை இரண்டு முறை மேடைக்குக் கூப்பிட்டேன். “லோடு வந்து கெடக்கு, போடி” என்றுவிட்டார். ஸ்ரீரங்கத்துப் பேராசிரியை ஓய்வுபெற்றுவிட்டார். ஒருமுறை போன் செய்து, அந்தப் பாட்டை இணையத்தில் கேட்டதாகச் சொன்னார். “என் வரிய எடுத்துட்டே போலருக்கே” என்றார். “ஆமாங்க மேடம்” என்றேன். “சரி, ஒடம்ப பாத்துக்கோ” என்று வைத்துவிட்டார். கோபமா இல்லையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

போன வாரம் ஒரு கல்லூரியிலிருந்து ஒரு மாணவி பேசினாள்.

“மேம், பாட்டு லிரிக்ஸ் எல்லாம் முன்னாடியே வாட்ஸாப்ல அனுப்பிருங்க மேம். அப்ரூவல் வாங்கணும். அப்புறம் மேம், உங்க நேட்டிவ் வில்லேஜ் எதுன்னு சொன்னீங்கன்னா இன்ட்ரோல போட்டுருவோம்.”

“எடமலைப்பட்டி புதூர்.”

“அது ட்ரிச்சிலதானே மேம் இருக்கு?”

“ஆமாம்மா.”

“ஓ. சரி மேம், ‘கிராமத்துக் குயில்’னு பொதுவாப் போட்டுக்கறோம்.”

வெங்காயப் பாட்டின் ஆறு வரியையும் ஒரு எழுத்து மாறாமல் தட்டி அனுப்பினேன். “ஓகே மேம்” என்று உடனே பதில் வந்தது. அவ்வளவு சீக்கிரம் யாரும் ஆறு வரியைப் படித்திருக்க முடியாது.